ஓலையேறாப் பெயர்கள்: மலையகத் தமிழர் குடியுரிமையும் சான்றின் பொறையும்

1. உத்தரமேரூர்க் கல் உணர்த்துவது

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. ஒன்று அவனது 12-ஆம் ஆட்சியாண்டிலும் (கி. பி. 919), மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டிலும் (கி. பி. 921) பொறிக்கப்பெற்றவை. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் தம் வாரியங்களுக்கு உரியவரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்த முறையை இவை விரித்துரைக்கும். மக்களாட்சியின் பழமைக்குச் சான்றாக இவற்றைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஈண்டு நாம் நோக்கப் புகுவது அதனின் வேறாய ஒன்று. ஓலை குடத்தில் இடப்படுமுன் அதில் ஒரு பெயர் எழுதப்படல் வேண்டும். எவன் பெயர் எழுதப்படும்? எச்சான்றைக் கொண்டு எழுதப்படும்? இவ்விரு வினாக்களே இக்கட்டுரைக்குத் தொடக்கமாவன.

இரண்டாம் கல்வெட்டு இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தருகின்றது. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் உடையனாதல், தன் மனையிற் கட்டிய இல்லத்தில் வாழ்தல், 35 அகவைக்கு மேல் 70 அகவைக்குள் இருத்தல், வேதக் கல்வி வல்லனாதல் ஆகியன தகுதிகள். கல்வியில் மிக்கான் ஒருவனுக்கு நிலத்தின் அளவு அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதான் விலக்கப்பட்டான். அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். ஓலையைச் சிறுவன் ஒருவன் எடுக்க, அதனை ஒருவர் விரித்த கையில் ஏற்றுப் படிக்க, பின்னர் அவையிலிருந்த நம்பிமார் எல்லாரும் படித்துக் காட்ட, அதன்பின்னரே பெயர் உறுதியாயிற்று.

இத்தகுதிகள் யாவும் அவ்வூரிலேயே காட்டக்கூடியன என்பது கருதத்தக்கது. நிலம் ஊர்க்கணக்கில் உண்டு. மனை கண்முன் உண்டு. கல்வி அவையோரால் ஆராயப்படுவது. வேற்றூர்க்குச் சென்று தேடிக் கொணர வேண்டிய சான்று எதனையும் கல்வெட்டுக் கேட்டிலது.

எனினும், இஃது உரிமையின் எல்லையையும் உடன் காட்டுகின்றது. சபை என்பது நிலமுடைய பிராமணர்தம் அவை. அந்நிலத்தை உழுதாரும், ஏரியைத் தூர்வாரினாரும், ஊர்ப்புறத்து வாழ்ந்தாரும் ஓலையில் ஏறிலர். ஆகலின் வாரியத் தேர்தலையும் இக்காலக் குடியுரிமையையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாம். ஆயினும் இரண்டற்கும் பொதுவாய உண்மை ஒன்று உண்டு. உரிமை, பெயர் எழுதப்பட்டார்க்கே உரியது. பெயர் எழுதுமுன் சான்று கேட்கப்படும். எச்சான்று வேண்டும் என்பதை வகுப்பவன் எவனோ, அவனே உரிமை யாருக்கு என்பதையும் வகுக்கின்றான். இவ்வுண்மை இருபதாம் நூற்றாண்டில் இலங்கை மலையகத் தமிழர் வாழ்வில் எவ்வாறு இயங்கியது என்பதை இனிக் காண்போம்.

2. குடி என்னும் சொல்

குடியுரிமை என்பது புதுச்சொல். குடி என்பதோ தொன்மையது. இல்லம், குடும்பம், குலம், ஓர் ஆட்சிக்கு உட்பட்ட மக்கள் என இச்சொல் பல பொருளில் வழங்கியுள்ளது. அரசனுக்குரிய ஆறனுள் ஒன்றாகக் குடியைத் திருக்குறள் எண்ணும். அந்நூலிலேயே குடிமை என்னும் அதிகாரம் பிறப்பின் சிறப்பையும், குடிசெயல்வகை என்னும் அதிகாரம் தன் குடியை உயர்த்தும் முயற்சியையும் கூறும். ஆகவே குடி என்னும் சொல்லில் பிறப்பு, இருப்பு, உழைப்பு என்னும் மூன்றும் அடங்கியுள்ளன எனலாம்.

கல்வெட்டுகளில் இச்சொல் நிலத்தொடர்பிற் பயில்கின்றது. அறநிலம் வழங்குங்கால், முன்னிருந்த குடிகளை அல்லது அவர்தம் உரிமையை விலக்கி வழங்குதல் குடிநீக்கி எனவும், அவரை விலக்காது வழங்குதல் குடிநீங்கா எனவும் குறிக்கப்படும். உழுதுகொண்டிருப்பான் அந்நிலத்தில் நிற்றலும் நீங்கலும் பிறன் ஒருவன் ஆவணத்தில் எழுதும் ஒரு சொல்லைப் பொறுத்திருந்தன. சாசனத்தமிழ் பயில்வார்க்கு இது வெறும் கலைச்சொல்லாகத் தோன்றலாம். பின்வரும் வரலாற்றை நோக்கின் அதன் வன்மை விளங்கும்.

எந்நாட்டின் சட்டத்தாலும் அந்நாட்டு மக்களுள் ஒருவராகக் கொள்ளப்படாதவரை நாடற்றவர் என்று 1954-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்பாடு வரையறுக்கின்றது. இந்தியாவும் இலங்கையும் இவ்வுடன்பாட்டில் சேரவில்லை. நாடற்றவர் என்பார் நாட்டில் வாழாதவர் அல்லர். ஒரு நாட்டில் வாழ்ந்து, உழைத்து, இறந்து, அந்நாட்டின் ஏட்டில் இடம் பெறாதவர் ஆவர்.

3. கடன் ஏடும் உரிமை ஏடும்

இலங்கை மலைநாட்டில் 1820-களின் பின் காப்பிப் பயிர் பெருகியது. அதற்குரிய கூலியாட்கள் சென்னை மாகாணத்துத் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களினின்றும் புதுக்கோட்டைப் பகுதியினின்றும் கங்காணிகளால் திரட்டப்பெற்றனர். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின், தேயிலை அவ்விடத்தைப் பற்றியது. காப்பிக்குப் பருவத்து உழைப்பே போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து கொய்வார் வேண்டும். ஆகவே வந்துபோன ஆட்கள் குடும்பத்தோடு தங்கும் குடிகள் ஆயினர்.

இவர்களைப் பற்றிய ஏடுகள் குறைவல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரத்துண்டு ஒன்று ஊரிலேயே கொடுக்கப்பட்டது. அதனைக் காட்டி மண்டபம் முகாமைக் கடந்து தோட்டம் சேர்ந்தனர். பற்றுச்சீட்டு எனும் துண்டு வேறொன்று உண்டு. இன்ன கடனைத் தீர்த்தால் இவ்வாள் விடுவிக்கப்படுவான் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது அது. அக்கடனைத் தீர்க்கும் தோட்டமே அவனை ஏற்கும். இத்துண்டு முறை 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நாள்தோறும் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்பட்டது. செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் அன்றைய உழைப்புக் குறிக்கப்பட்டது.

ஆகவே இவர்களுக்கு எழுத்து இல்லாமல் இல்லை. ஆனால், அவ்வெழுத்து யாவும் உழைப்பையும் கடனையும் பற்றியது. எழுதினார் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும். ஏடு இருந்த இடம் தோட்டத்து அலுவலகம். தன் மனையில் தான் கட்டிய இல்லம் உத்தரமேரூரில் ஒரு தகுதி. மலையகத்தானுக்கு அது வாய்த்தற்கு வழியே இல்லை. அவன் வாழ்ந்த லயத்து அறை தோட்டத்தின் உடைமை. வேலை போயின் அறையும் போம்.

4. கேட்கப்பட்ட சான்று

1931-ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பு இலங்கையில் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. இந்திய வழியினர்க்கு வசிப்பிடம் பற்றிய சில கட்டுப்பாடுகள் இருந்தபோதிலும் தோட்டத்தார் பலர் வாக்காளர் ஆயினர். 1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அவருள் ஒருவர் நுவரெலியாவிற் போட்டியிட்ட சௌமியமூர்த்தி தொண்டமான்.

நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே, 1948-ஆம் ஆண்டு 18-ஆம் எண் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவன் வழிவழிக் குடியாதற்கு, அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்திருத்தல் வேண்டும். தான் அந்நாட்டிற் பிறந்தமை மட்டும் போதாது. சட்டத்தின் சொல்லில் தமிழர் என்றோ தோட்டத்தார் என்றோ ஒரு குறிப்பும் இல்லை. சொல் எல்லார்க்கும் பொது. ஆயினும், தந்தை பாட்டன்மாரின் பிறப்பை ஏடு கொண்டு மெய்ப்பிக்க வேண்டிய நிலை தோட்டத்தாருக்கே நேர்ந்தது. பிறரை எவரும் ஐயுறவில்லை. பொதுச்சொல் ஒன்று ஒரு சாராரை மட்டும் விலக்கிய விரகு இதுவே.

சட்டம் நடைமுறைக்கு வந்த இருபத்தைந்தாம் நாள், அஃதாவது 1948 டிசம்பர் 10-ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பேரவை மனித உரிமைகள் பொதுப் பறைசாற்றத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியாக இருக்கும் உரிமை உண்டு என்பது அதன் 15-ஆம் உறுப்பு.

விலக்கப்பட்டார்க்கு ஒரு வாயில் திறப்பதாக 1949-ஆம் ஆண்டு 3-ஆம் எண் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1946 சனவரி 1-க்கு முன் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வதிந்தமையைக் காட்டல் வேண்டும். போதிய வருவாய் உண்மையையும் காட்டல் வேண்டும். ஈராண்டுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். ஊர்த்திருவிழாவிற்கும் திருமணத்திற்கும் ஈமக்கடனுக்கும் தமிழகம் சென்று மீண்டவர்க்கு இடையறாமை என்னும் சொல்லே இடர் ஆயிற்று. பெயரும் இடர்ப்படுத்தியது, செவியாற் கேட்டதை ஆங்கில எழுத்தில் வெவ்வேறு அலுவலர் வெவ்வேறாக எழுதியமையால், ஒருவன் தன் தகரத்துண்டிலும் கூலிப் பதிவிலும் பிள்ளையின் பிறப்புப் பதிவிலும் மூன்று ஆளாகத் தோன்றுதல் கூடும்.

விண்ணப்பங்களில் அடங்கியோர் ஏறத்தாழ 8,25,000 பேர். குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1949-ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம், குடியுரிமை இல்லாரை வாக்காளர் பட்டியலினின்றும் நீக்கியது. இதனை எதிர்த்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது; 1953-இல் அம்மன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. மலையகத் தமிழர் குடியுரிமை பற்றிய கருத்து வேறுபாட்டால், எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசினின்று பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். தொண்டமான் வாக்காளரால் மீண்டும் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1977-இல். இடையே கழிந்தன முப்பது ஆண்டுகள்.

5. பகுக்கப்பட்ட தொகை

இந்திய அரசியலமைப்பின் 8-ஆம் உறுப்பு, வெளிநாடு வாழும் இந்திய வழியினர் தூதரகத்தில் பதிந்து குடியாகலாம் என்றது. ஆயின் அவர்கள் இலங்கையின் பொறுப்பினர் என்பதே நேரு அரசினர் கொள்கை. இலங்கையோ அவர்களை இந்தியர் என்றது. ஒவ்வோர் அரசும் மற்றதனைச் சுட்ட, மக்கள் இடையில் நின்றனர்.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை அவர்களை 9,75,000 பேர் எனக் கொண்டது. 5,25,000 பேர் இந்தியாவிற்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு. 1974-இல் அவ்வெஞ்சிய தொகையும் இரண்டாகப் பகுக்கப்பட்டு, இந்தியாவின் பங்கு 6,00,000 எனவும் இலங்கையின் பங்கு 3,75,000 எனவும் ஆயின. எவர் எந்நாட்டை விரும்புகின்றனர் என்று கேட்டறியுமுன்னரே தொகை வகுக்கப்பட்டது. பின்னர் விண்ணப்பம் கேட்டபோது, இந்தியக் குடியுரிமை வேண்டினோர் 5,06,000 பேரே. கணக்கின்படி இந்தியாவிற்குரியராய், ஆயினும் இந்தியாவை வேண்டாராய் நின்றோர் 94,000 பேர். மக்களின் விருப்பிற்கும் அரசுகளின் கணக்கிற்கும் இடையே இருந்த வேறுபாட்டின் அளவு இதுவாம்.

மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் தாயகம் திரும்பியோராக இந்தியா வந்தனர். நீலகிரியில் இவர்கள்பொருட்டு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. ஏனையோர் பல மாவட்டங்களிற் சிதறினர். தலைமன்னாருக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே ஓடிய கப்பல் 1984-இல் நின்றபின், இப்பெயர்ச்சியும் நின்றது.

6. பொறை இடம் மாறியமை

இவ்வரலாற்றில் திருப்பம் நேர்ந்தது சட்டத்தின் நோக்கம் மாறியதால் மட்டும் அன்று. சான்றின் வடிவு மாறியதால் என்பதே நம் கருத்து. 1986-ஆம் ஆண்டு 5-ஆம் எண் சட்டம் மேற்கூறிய 94,000 பேரை இலங்கைக்குரியராக ஏற்றது. 1988-ஆம் ஆண்டு 39-ஆம் எண் சட்டம், இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதாரைத் தனித்தனி ஆய்வு இன்றியே குடிகளாகக் கொண்டது. அவர் தம் நிலையை எழுத்து மூலமான உறுதியுரையாற் காட்டலாம். நாற்பது ஆண்டுகளாக அவரே சான்று தேடி அலைந்தனர். இச்சட்டத்தால் மறுப்பான் எவனோ அவன் காரணம் காட்ட வேண்டியதாயிற்று.

2003-ஆம் ஆண்டு 35-ஆம் எண் சட்டம் இதனினும் எளியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதியும் இந்திய வழியினரும் அவர் வழித்தோன்றல்களும் அந்நாட்டுக் குடிகள் ஆவர் என்றது அச்சட்டம். முன்னர் இந்தியக் குடியுரிமை பெற்றும் இலங்கையிலேயே தங்கிவிட்டார்க்கும் உறுதியுரையால் வழி திறந்தது. இருவர் மக்களைப் பகுத்த நாளே, பின்னர் அம்மக்கள் உரிமை கொள்ளும் நாளாகக் குறிக்கப்பட்டமை நோக்கத்தக்கது.

சட்டம் இயற்றியதோடு பணி முடிந்திலது. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகமும், இலங்கை அரசினரும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் கூடித் தோட்டந்தோறும் உதவி நிலையங்கள் அமைத்தனர். படிவத்தை விளக்குவார், எழுதிக் கொடுப்பார், உறுதிப்படுத்துவார் யாவரும் மக்கள் இருந்த இடத்திற்கே சென்றனர். பத்து நாள் அளவில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாண்டுக்கு மேலாக ஆராய்ந்து அளித்த தொகையினும் இது மிகுதி. மக்கள் அவரே, மலையும் அதுவே, மாறியது கேள்வி ஒன்றே. உன் பூட்டன் எங்குப் பிறந்தான் என்னும் கேள்வி நீங்கி, நீ எங்கு வாழ்கின்றாய் என்னும் கேள்வி வந்தது.

7. முகாமில் நின்றோர்

இத்திருப்பத்தின் பயன் எய்தாதார் ஒரு சாரார் உளர். 1983-ஆம் ஆண்டு வன்முறையாலும் அதன்பின் நிகழ்ந்த போராலும் தமிழகம் புகுந்த மலையகத் தமிழர் அவர். இலங்கைச் சட்டம் 2009-இல் திருத்தப்பட்டு, கலவரத்தால் இந்தியா சென்றாரும் அதன் பயன் பெறலாம் என்றாயிற்று. ஆயினும் மூதாதையர் மண் இதுவே என்று இங்குத் தங்க விழைவார்க்கு அஃது உதவவில்லை.

இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 சூலை 1-க்கு முன் இந்தியாவிற் பிறந்தார் பிறப்பால் குடிகள். அதன்பின் பிறந்தார்க்குப் பெற்றோருள் ஒருவர் குடியாதல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தார்க்கு மற்றவர் சட்டத்திற்கு மாறாகக் குடிபுகுந்தவர் ஆகாமையும் வேண்டும். கடவுச்சீட்டின்றிப் படகேறி வந்தார் அவ்வகையினராகவே எண்ணப்படுவர். பதிவாலோ நீண்டகால வதிவாலோ குடியாகும் வழியும் அவர்க்கு அடைபட்டது. 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் என்னும் மூன்று நாடுகளைக் கூறுகின்றது. இலங்கை அதில் இடம்பெறவில்லை.

நீதிமன்றம் ஓரளவு வழிகாட்டியது. 2019 சூன் 17-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், முகாம்களில் வாழும் மலையகத் தமிழர் சிலரின் விண்ணப்பங்களை மத்திய அரசினர் அவர்தம் வரலாற்றை உளங்கொண்டு ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும் என ஆணையிட்டார். 2022-இல் அதே கிளை, 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த பெண்மணி ஒருவர் பிறப்பாலேயே இந்தியக் குடி என ஏற்றது. 2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவருக்குத் துணை நின்றது பிறந்த நாளையும் இடத்தையும் காட்டிய ஒரு பிறப்புச் சான்று. ஒரு காலத்தில் தகரத்துண்டு காட்டி மக்கள் கடல் கடந்த அதே மண்டபத்தில், அவர் வழியினர் ஒருவர்க்கு உரிமை தரும் ஏடு பிறந்தது. 1987 சூலை 1 முதல் பிறந்தார்க்கோ அவ்வேடும் பயன்படுவதில்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, 2015 சனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழரை, உரிய பயண ஆவணமின்மை பற்றிய தண்டனைப் பிரிவுகளினின்று விலக்கியது. இஃது அச்சத்தைக் குறைக்கும், குடியுரிமையைத் தாராது.

8. ஒரு தடையும் விடையும்

சான்று கேளாது குடியுரிமை வழங்கின் எல்லை என்பது யாது என்று வினவலாம். வினா தக்கதே. எல்லா அரசும் தன் குடிகளை அறிதல் வேண்டும். ஆயின் சான்று கேட்டல் வேறு. கிட்டாச் சான்றைக் கேட்டல் வேறு. பூட்டானில் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், நேபாள வழியினர் 1958-ஆம் ஆண்டில் அந்நாட்டில் வதிந்தமைக்கு நிலவரிச் சீட்டுக் காட்டுமாறு கேட்கப்பட்டனர். காட்டாதார் பல்லாயிரவர் அகதிகள் ஆயினர். பர்மாவின் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் 1823-க்கு முன் குடியேறிய இனங்களையே முழுக்குடிகளாகக் கொள்ள, அங்கிருந்த தமிழரும் அதனால் இடருற்றனர். அசாமில் 2019 ஆகத்து 31-இல் வெளிவந்த குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை. 1971 மார்ச்சு 24-க்கு முற்பட்ட ஏடு காட்டுமாறு அங்குக் கேட்கப்பட்டிருந்தது. ஏழையும், ஏதிலியும், மணத்தால் ஊர் மாறிய மகளிருமே இத்தகைய தேர்வில் முதற்கண் தோற்பர் என்பது வெளிப்படை.

இதற்கு மாற்று நம் நாட்டுச் சட்டத்திலேயே உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திற்கு 2008-இல் வகுக்கப்பட்ட விதிகள், உரிமை கோருவாரல்லாத ஊர் முதியோர் கூற்றை எழுத்திற் பதிந்து சான்றாகக் கொள்ளலாம் என்கின்றன. அதனைக் கிராம சபை ஆராயும். ஊரார் அறிந்ததை ஊரவையில் எல்லாரும் கேட்க உறுதிசெய்தல் என்னும் இம்முறை, ஓலையை எல்லாரும் படித்த உத்தரமேரூர் முறைக்கு அயலன்று. அன்று அவைக்கு வெளியே நின்றவரும் இன்று அவையினுள் உளர் என்பதே வேற்றுமை.

9. மீண்டும் உத்தரமேரூர்ப் பக்கம்

காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் இருளர் வாழ்கின்றனர். அவர் நாடற்றவர் அல்லர், அரசியலமைப்பின்படி இந்தியக் குடிகள், பட்டியற் பழங்குடியினர். ஆயினும் உரிமையை அடையும் வழியில் மலையகத்தார் கண்ட தடையையே அவரும் காண்கின்றனர். பழங்குடிச் சான்று கோட்டாட்சியரிடம் பெறற்பாலது. தந்தைக்குச் சான்று இல்லாவிடின் மகனுக்குப் பெறுதல் அரிது. தந்தைக்கு இல்லாமை பாட்டனுக்கு இல்லாமையால். அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் கொத்தடிமைப்பட்டு மீட்கப்பட்ட குடும்பங்களுக்கு, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விடுவிப்புச் சான்று கிடைத்த பின்னரே மறுவாழ்வு உதவி முழுமையாகக் கிட்டும். கடன் எழுதிய ஏடு முதலாளியிடம் இருக்க, உரிமை எழுதும் ஏடு தொழிலாளியிடம் இல்லாமை ஈண்டும் காணப்படுகின்றது.

பிறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தார்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல் முதலியவற்றிற்குப் பிறப்புச் சான்றையே பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் உரிய சான்றாக்கியது. சூளைக்கொட்டகையிற் பிறந்து பதியப்படாத குழவிக்கு இதன் விளைவு யாது என்பதை விளக்க வேண்டா. அக்குழவியின் பெயரை இன்றே பதிதல் எளிது. முப்பதாண்டு கழித்துத் தேடுதல் அரிது.

10. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, குடியுரிமை இழப்புப் பெரும்பாலும் வெளிப்படையான விலக்கால் நேர்வதன்று. கொடுக்க இயலாச் சான்றைக் கேட்டலால் நேர்வது. இரண்டாவது, அதனை மீட்டளித்த சட்டங்கள் வாழ்விடத்தையும் உறுதியுரையையும் சான்றாக ஏற்றமையாலேயே பயன் தந்தன. மூன்றாவது, சட்டம் இயற்றலோடு நில்லாது, எழுதத் தெரிந்தவர் எழுதத் தெரியாதவர் இருக்கும் இடம் செல்லுதல் வேண்டும்.

மூன்றாம் முடிபு தமிழாய்வாளரையும் சாரும். கல்லெழுத்தையும் ஓலையெழுத்தையும் படிக்கப் பயின்றவர் நாம். தோட்டத்துக் கூலிப் பதிவேடு, கங்காணிக் கணக்கு, தகரத்துண்டு, கல்லறை எழுத்து, ஊருக்கு எழுதிய கடிதம், முதியோர் வாய்மொழி ஆகிய யாவும் சாசனங்களே. பல தோட்டங்களிலும் முகாம்களிலும் அவை கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட நிலவுரிமையைக் கல்வெட்டால் நிறுவும் அதே நுணுக்கத்தோடு இவற்றைத் திரட்டிப் பதிப்பின், அவை ஆய்வுக்கு மட்டும் அன்றி, ஒரு குடும்பத்தின் விண்ணப்பத்திற்கும் சான்றாகும். உத்தரமேரூர்க் கல்லில் இடம்பெறாதவர் பெயரை நாம் இனி மீட்டல் இயலாது. இன்று உயிரோடு இருப்பார் பெயரை எழுதுதல் இயலும்.